அந்தச் செடி இன்னும் சாகவில்லை

பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வரும் ஜொகூர் பாரு நம்மவர்களே,

சுல்தான் இஸ்கண்டார் கட்டடத்தில் பஸ் வரிசையில் நின்றபடி இதைப் படிக்கிறவர்கள் உங்களில் பாதிப் பேர் இருப்பீர்கள். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

சீனப் பெருநாள் முடிந்து இரண்டு மூன்று மாதம் போனால் நம் தாமான்களின் குப்பைத் தொட்டியோரம் ஒரே மாதிரிக் காட்சி. நடுவில் சிவப்பாகவோ மஞ்சளாகவோ நட்சத்திரம் விரித்து நின்ற செடி, நர்சரியில் கொடுத்த பிளாஸ்டிக் தொட்டியோடு கவிழ்ந்து கிடக்கும். தீபாவளிக்கு வாசலை அலங்கரிக்க வாங்கியது பொங்கல் தாண்டியதும் அதே இடத்துக்கு வரும். புரோமிலியாட். அழகு அன்னாசி என்றும் சிலர் சொல்கிறார்கள். ஏன் வீசினீர்கள் என்று கேட்டால் இரண்டு பதில்தான் வருகிறது. ஒன்று, "பூ காஞ்சிருச்சு, செடி செத்துருச்சு." இன்னொன்று, "அதுல தண்ணி நிக்குது, டெங்கிக்காரன் வந்தா சம்மன் போட்ருவான்." முதல் பதில் தவறு. இரண்டாவது பாதி சரி. இரண்டையும் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

முதலில், உங்களுக்கு ஏன் இந்த மடல்? விடிவதற்கு முன் கிளம்பி, சாப்பாட்டு நேரம் தாண்டித் திரும்புகிற வீட்டுக்கு எல்லாச் செடியும் ஒத்துவராது. ரோஜா தினமும் ஆள் கேட்கும். மல்லிகை வெயில் கேட்கும், கவாத்து கேட்கும். பிளாட் பால்கனியில் வைத்த துளசி, நீங்கள் இரண்டு ஷிஃப்டு சேர்த்துச் செய்த வாரத்தில் சருகாகிவிடும். புரோமிலியாட் அப்படி இல்லை. ஒரு வாரம் திரும்பிப் பார்க்காவிட்டாலும் முகம் வாடாது. நம் ஊர்க் காற்றில் இருக்கிற ஈரமே அதற்குப் பாதி ஆகாரம். குளிர்நாட்டுக்காரர்கள் ஹீட்டர் போட்டு, தண்ணீர் தெளித்து, கண்ணாடிக்குள் பாதுகாத்து வளர்க்கிற செடியை ஜொகூர் பாருவில் போர்ச் கூரைக்கடியில் சும்மா வைத்தாலே வளர்ந்துவிடும். இங்கே இது சாவதென்றால் பெரும்பாலும் நாம் அதிகமாகக் கவனித்ததால்தான்.

இந்தக் குடும்பத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. ஒன்றே ஒன்று மேற்கு ஆப்பிரிக்காவின் கினியாவில் இருக்கிறது. மற்ற அத்தனையும் அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை. ஆனால் அந்நியச் செடி என்று நாம் சொல்லிக்கொள்ள வாய் வராது. ஸ்கூடாயைத் தாண்டிப் பொந்தியான் சாலையில் போனால் வருகிற பெக்கான் நானாஸ், பெயரிலேயே அன்னாசியைச் சுமக்கிற ஊர். அன்னாசியும் புரோமிலியாட்தான். 1957இல் ஏற்படுத்தப்பட்ட மலேசிய அன்னாசித் தொழில் வாரியத்தின் தலைமையகமே நம் ஜொகூர் பாருவில் இருக்கிறது. ரப்பர் கன்றுகள் வளர்ந்து நிழல் விழுகிறவரை வரிசைகளுக்கு இடையே அன்னாசி போட்டு, அதை டின்னில் அடைத்து ஏற்றுமதி செய்துதான் இந்த வட்டாரத்தின் பழைய முதலாளிகள் பலர் தலையெடுத்தார்கள். அந்த எஸ்டேட்டுகளில் பால் வெட்டியவர்கள் நம் தாத்தா பாட்டிமார். ஆக, இந்தக் குடும்பத்துக்கும் நமக்கும் உறவு புதிதல்ல.

அடுத்த முறை பொந்தியான் பக்கம் போனால் ஓர் அன்னாசித் தோட்டத்தின் ஓரமாக வண்டியை நிறுத்திப் பாருங்கள். செடி வளர்ப்புப் பாடம் மொத்தமும் அங்கே கிடக்கிறது. கறுத்த கம்புட் மண். புளிப்பு அதிகம், சத்து குறைவு. நெல்லும் காய்கறியும் திணறுகிற மண். அன்னாசி அதில் சொகுசாக வளரும். இலைகள் வாய்க்கால்போல் குழிந்து, விழுகிற மழையை நடுவுக்குக் கொண்டுபோகும். வேர் என்பது ஆழம் போகாத சிறு கொத்து. பழம் வெட்டிய செடியின் இடுப்பிலிருந்து புதுக்கன்று எட்டிப் பார்க்கும். நீங்கள் பெருநாளுக்கு வாங்கிய செடிக்கும் இதே சுபாவம்தான். பழத்துக்குப் பதில் நிறத்தைக் காட்டுகிறது, அவ்வளவே.

இப்போது "செத்துருச்சு" விஷயம். நீங்கள் பூ என்று நினைத்து ரசித்த சிவப்பு, பூவே அல்ல. அவை நிறம் மாறிய இலைகள். கடைகளில் அதிகம் விற்கிற குஸ்மானியாவில் அந்தச் சிவப்பு மடல்களுக்குள்ளிருந்து சின்னதாக வெள்ளையோ மஞ்சளோ எட்டிப் பார்க்கும். அதுதான் பூ, ஓரிரு நாளில் முடிந்துவிடும். நியோரெகிலியா வைத்திருப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் குனிந்து பாருங்கள். நடு இலைகள் குங்குமம் பூசியதுபோல் சிவந்திருக்கும். அந்த இலைகள் சேர்ந்து தண்ணீர் தேக்குகிற நடுக்குழிதான் குவளை. அந்தத் தண்ணீரின் மட்டத்திலேயே, குண்டூசித் தலைகளை நெருக்கி அடுக்கியதுபோல் மொட்டுகள் இருக்கும். அவற்றில் இரண்டோ மூன்றோ மட்டும் நீலம் கலந்த ஊதாவாகத் திறந்திருக்கும். மறுநாள் வேறு இரண்டு திறக்கும். இந்தச் செடியை வருடக்கணக்கில் வாசலில் வைத்துக்கொண்டு, அது பூத்ததையே பார்க்காதவர்கள் உண்டு.

ஒரு செடி ஒரு முறைதான் பூக்கும். பூத்தபின் மெதுவாக ஓய்ந்துபோகும். வாழை வளர்த்த சனம் நாம். இதை யாரும் நமக்கு விளக்க வேண்டியதில்லை. குலை தள்ளிய வாழையை வெட்டுகிறோம், பக்கக் கன்றை விட்டுவைக்கிறோம். இங்கேயும் அப்படியே. நிறமெல்லாம் போய் அசிங்கமாகத் தெரிகிற அந்த மாதங்களில்தான் தாய்ச்செடி கடைசி வேலையைச் செய்துகொண்டிருக்கும். அடி இலைகளுக்கு இடையிலிருந்து ஒன்று, இரண்டு, சிலதில் நாலைந்து கன்றுகள் வரும். நீங்கள் குப்பையில் போடுவது பெரும்பாலும் அந்தக் கன்றுகளையும் சேர்த்துத்தான்.

பூத்தண்டு பழுப்பேறியதும் அதை மட்டும் கத்தரித்துவிடுங்கள். இலைகளைத் தொடாதீர்கள், பச்சை இருக்கிறவரை அவை கன்றுகளுக்குச் சோறு போடுகின்றன. கன்று தாயின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்காவது வரட்டும். பாதி வந்தால் இன்னும் நல்லது. விரல் நீளத்தில் பிரித்தவை பெரும்பாலும் பிழைப்பதில்லை. பிரிக்கும்போது செடியைத் தொட்டியிலிருந்து மொத்தமாக வெளியே எடுங்கள். கன்று தாயோடு சேருகிற இடத்தில் கட்டையாக ஒரு கழுத்து தெரியும். கழுவித் துடைத்த கத்தியைத் தாயின் தண்டை ஒட்டி வைத்து அழுத்தினால் சடக்கென்று விடும். கன்றின் பக்கம் அந்தக் கட்டை கொஞ்சம் சேர்ந்து வர வேண்டும், வேர் அங்கிருந்துதான் விடும். வெட்டு வாய் காய ஓரிரு நாள் நிழலில் போட்டுவிட்டு நடுங்கள். வேர் இன்னும் வந்திருக்காது, செடி ஆடும். ஆடினால் வேர் பிடிக்காது. ஒரு சாத்தே குச்சியை ஊன்றித் தளர்வாகக் கட்டிவிடுங்கள். பிரிக்கக் கை நடுங்கினால் பிரிக்கவே வேண்டாம். தாய் முழுவதும் காய்ந்தபின் அதை மட்டும் அறுத்து எடுத்துவிட்டால், அதே தொட்டியில் கன்றுகள் கூட்டமாக நிற்கும். எனக்கு அந்தக் கூட்டம்தான் பிடிக்கும்.

தொட்டிக்கு என்ன போடுவது என்று கேட்பீர்கள். தோட்ட மண்ணை மட்டும் போடாதீர்கள். மரக்கிளையில் ஒட்டி வளர்ந்து பழகிய செடி இது, வேருக்குக் காற்று வேண்டும். தேங்காய் மட்டைத் துண்டு, அடுப்புக்கரித் துண்டு, கொஞ்சம் சுட்ட செம்மண் போதும். தொட்டி சிறியதாக இருக்கட்டும். பெரிய தொட்டி, கறுத்த மண், நவம்பர் மாத மழை மூன்றும் சேர்ந்தால் அடி அழுகி, நடு இலையைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். உரத்தைப் பற்றி ஒரே வரி: குறையுங்கள். நியோரெகிலியாவுக்கு உரம் கூடினால் சிவப்பு போய், பச்சையாக நீண்டு தொங்கும். பூஞ்சைக்கென்று கடைக்காரர் தாமிரம் கலந்த மருந்தைக் கொடுத்தால் வாங்காதீர்கள். இந்தக் குடும்பத்துக்குத் தாமிரம் விஷம்.

சரி, டெங்கி.

இதில் உங்கள் பயத்தை நான் சிறுமைப்படுத்தப் போவதில்லை. நம் தாமான்களில் டெங்கி வந்து ஆஸ்பத்திரியில் படுத்தவர் இல்லாத தெரு குறைவு. சட்டமும் விளையாட்டல்ல. 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சி ஒழிப்புச் சட்டத்தின்படி, வீட்டில் கொசுப்புழு கண்டால் 500 வெள்ளி வரை அபராதச் சீட்டு கிழிக்கலாம். வழக்குக்குப் போனால் இன்னும் பெரிய தொகை, சிறையும் உண்டு. சில அடுக்குமாடி நிர்வாகங்கள் புரோமிலியாட் வைக்கவே கூடாது என்று நோட்டீஸ் ஒட்டுகின்றன. செடி விரும்பிகள் உடனே பிரேசிலைச் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். ரியோ டி ஜெனிரோவில் நடந்து 2009இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், புரோமிலியாட் குவளைகளில் கிடைத்த கொசுப்புழுக்களில் டெங்கி பரப்புகிற ஏடிஸ் வகை ஒரு சதவீதம்கூட இல்லை. உண்மைதான். ஆனால் அதைக் காட்டி நாம் தப்பிக்க முடியாது. அங்கே இந்தச் செடிகளுக்கென்றே காலங்காலமாக வாழ்கிற வேறு கொசுக்களும் பூச்சிகளும் குவளையை நிரப்பியிருக்கின்றன. நம் ஊரில் அந்தக் குடித்தனக்காரர்கள் கிடையாது, வீடு காலி. காலி வீட்டுக்கு முதலில் குடிவருவது நம் தோட்டங்களில் திரிகிற, ஏடிஸ் வகையான ஆசியப் புலிக்கொசுவாகத்தான் இருக்கும். 2016இல் ஸிக்கா காய்ச்சல் வந்தபோது மியாமி பீச் நகரத்தில் புரோமிலியாட்களைப் பிடுங்கி எறிந்தார்கள். அங்கே அவற்றின் குவளைகளில் ஏடிஸ் புழு இருந்தது. நகரத்துச் செடி, நகரத்துக் கொசு என்றால் கதை மியாமியைப் போலத்தான், ரியோவைப் போல் அல்ல.

ஆனாலும் பிடுங்க வேண்டியதில்லை. நம் சூட்டில் ஏடிஸ் முட்டையிலிருந்து பறக்கிற கொசுவாக ஏறக்குறைய ஏழிலிருந்து பத்து நாள் ஆகும். அந்தக் கணக்கு முடிவதற்குள் நீங்கள் குவளையைக் காலி செய்தால் போதும். வாரம் இரண்டு முறை என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஓய்வுநாள் ஒன்று, நடுவில் ஒரு மாலை. சிறிய தொட்டியென்றால் செடியை அடியோடு பிடித்து, வடிகால் பக்கம் தலைகீழாகச் சாய்த்து, தட்டிக் கொட்டுங்கள். பெரியதென்றால் ரப்பர் குழாயை நேராக நடுவில் வைத்து வேகமாக அடியுங்கள், பழைய தண்ணீர் புழுவோடு சேர்ந்து பொங்கி வழியட்டும். நடுக்குவளையோடு நிறுத்தாதீர்கள். ஒவ்வோர் இலைக்கக்கத்திலும் ஒரு தேக்கரண்டித் தண்ணீர் நிற்கும். கொசுவுக்கு அது தாராளம். வேலை முடிந்தபின் தொட்டிக்கடியில் இருக்கிற தட்டைப் பாருங்கள். இன்ஸ்பெக்டர் முதலில் பார்ப்பது அதைத்தான். அவர் பார்ப்பது சரி.

முட்டை இலையில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். அதனால் கழுவுவதோடு சேர்த்து பிடிஐ குருணை நாலைந்தை ஒவ்வொரு குவளையிலும் போட்டு வையுங்கள். அது கொசுப்புழுவின் குடலை மட்டும் கெடுக்கிற ஒரு பாக்டீரியா. பூனை நக்கினாலும் குழந்தை தொட்டாலும் கேடில்லை, செடிக்கும் கேடில்லை. மண்ணெண்ணெய், சமையல் எண்ணெய், டெட்டால் என்று வாட்ஸ்அப்பில் வருகிற வைத்தியம் எதையும் குவளைக்குள் ஊற்றாதீர்கள். இந்தச் செடி இலையின் அடியில் இருக்கிற மிகச் சிறிய செதில்கள் வழியாகத்தான் தண்ணீர் குடிக்கிறது. எண்ணெய் அதை அடைத்துவிடும். கொசு செத்ததோ இல்லையோ, செடி சாகும்.

பத்து நாள் தமிழ்நாட்டுக்குக் கோயில் பயணம் போகிறீர்கள், வீட்டில் ஆளில்லை. குவளையைக் கொட்டிக் காலி செய்து, மழை படாத இடத்தில் தள்ளிவைத்து, அடிக்கலவையை மட்டும் நனைத்துவிட்டுப் போங்கள். தடித்த இலைக்காரர்கள் அதைப் பொருட்படுத்தவே மாட்டார்கள். மெல்லிய இலை குஸ்மானியா கொஞ்சம் முகம் சுளிக்கும், திரும்பி வந்து ஊற்றினால் சரியாகும். நிர்வாகத்தின் நோட்டீஸைப் பற்றிக் கூட்டத்தில் பேச வேண்டியவர்களும் இதையே சொல்லுங்கள்: ஆளில்லாத வீட்டு வாசலில் மழையில் நிற்கிற செடிதான் பிரச்சினை. கூரைக்கடியில், வாரம் இரு முறை கவிழ்க்கப்படுகிற செடியால் யாருக்கும் காய்ச்சல் வராது. கழிவறைத் தொட்டியையும் ஏர்கான் தட்டையும் பார்க்காமல் செடியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சோம்பேறித்தனம்.

குவளையைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. ஜமைக்காவில் ஒரு சிறு நண்டு இந்தக் குவளைத் தண்ணீரிலேயே குஞ்சு பொரித்து வளர்க்கிறது. தாய் நண்டு அழுகிய சருகை எடுத்து வெளியே போடும், காலி நத்தை ஓடுகளைக் கொண்டுவந்து தண்ணீரில் போடும். ஓட்டிலிருந்து இறங்குகிற சுண்ணாம்புதான் குஞ்சுகளுக்கு ஓடு கட்ட உதவும். இவ்வளவு அக்கறையோடு குவளையைக் கழுவுகிற நண்டு நம் ஊரில் இல்லை. அந்த வேலை உங்கள் தலையில் விழுந்திருக்கிறது.

வெளிச்சத்துக்கு வருவோம். பால்கனி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைப் பொறுத்துச் செடி வாங்குங்கள். காலை வெயில் விழுகிற கிழக்குப் பால்கனிக்கு நியோரெகிலியா. வெளிச்சம் குறைந்தால் அதன் நிறம் போய்விடும். மாலை வெயில் சுடுகிற மேற்கு என்றால் ஓர் அடி உள்ளே தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் இலையில் இஸ்திரிப் பெட்டி பட்டதுபோல் வெளுத்த தழும்பு விழும். நிழலான காரிடார் மட்டும்தான் இருக்கிறதா, குஸ்மானியா. அது காட்டுக்குள் பெரிய மரங்களுக்கடியில் வளர்ந்த குடும்பம். வெள்ளிப் பட்டைகளும் இளஞ்சிவப்புப் பூத்தலையும் கொண்ட ஏக்மியாவை வாங்கினவர்கள் தயவுசெய்து அதைத் துடைக்காதீர்கள். தூசி என்று நினைத்து விரலால் தேய்த்தால் விரல் போன இடம் பச்சைக் கோடாகிவிடும், திரும்ப வெளுக்காது. அந்த வெள்ளைப் பொடி அழுக்கல்ல. தண்ணீர் குடிக்கிற அதே செதில்கள். வெள்ளிக்கிழமை வீடு துடைக்கிற உற்சாகத்தில் பளபளவென்று பச்சையாக்கப்பட்ட ஏக்மியாக்களை நான் பார்த்திருக்கிறேன், பாவம்.

கன்று பெரிதாகி இரண்டு வருடம் ஆகியும் பூக்கவில்லை என்று சிலர் சலித்துக்கொள்வீர்கள். அதற்கு ஒரு தந்திரம் இருக்கிறது. குவளையைக் கொட்டிவிட்டு, செடியைப் பெரிய பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, பக்கத்தில் பழுத்த ஆப்பிள் ஒன்றைப் போட்டு, வெயில் படாத இடத்தில் ஒரு வாரம் கட்டி வையுங்கள். பழம் விடுகிற எத்திலீன் வாயு செடியைப் பூக்கச் சொல்லும். ஒன்றரையிலிருந்து மூன்றரை மாதத்துக்குள் நிறம் தெரியும். 19ஆம் நூற்றாண்டில் அசோர்ஸ் தீவுகளில், கண்ணாடி வீட்டு அன்னாசிக்குப் புகை போட்டால் எல்லாம் ஒன்றாகப் பூக்கிறது என்று கண்டுகொண்டார்கள். புகையிலும் அந்த வாயுதான். பொந்தியான் தோட்டங்களில் இன்று ஹோர்மோன் போடுவது என்று சொல்கிறார்களே, அதுவும் இதே சங்கதி. அதனால்தான் மொத்த வயலும் ஒரே சமயத்தில் அறுவடைக்கு வருகிறது. ஆனால் குழந்தைச் செடிக்கு இதைச் செய்யாதீர்கள். பூத்தால் அதோடு அதன் ஆயுள் முடிவுக்கு வரத் தொடங்கும் என்பது நினைவிருக்கட்டும்.

நல்ல செடி எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்க்க வேண்டுமென்றால், வேலைக்குப் போகிற ஊரிலேயே இடம் இருக்கிறது. சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் தேசிய ஆர்க்கிட் தோட்டத்துக்குள் யுவென் பெங் மெக்நீஸ் புரோமிலியாட் தொகுப்பு இருக்கிறது. கலிபோர்னியாவின் ஷெல்டான்ஸ் நர்சரியிலிருந்து வந்த செடிகள் அதற்கு அடிப்படை. அந்த அம்மையார் யார் தெரியுமா? கோலாலம்பூரின் ஈயச் சுரங்க அதிபர் லோக் இயூவின் மகள். சம்பள நாளில் ஓவர்டைம் இல்லாத ஒரு மாலையில் பிள்ளைகளோடு போய் வாருங்கள். ஓர் எச்சரிக்கை: அக்கரை நர்சரியில் ஆசைப்பட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு பாலம் ஏறாதீர்கள். அனுமதிச் சீட்டு இல்லாமல் செடி கொண்டுவருவது, எல்லையில் செடிகளைச் சோதிக்கிற மாகிஸ் துறையின் சட்டப்படி குற்றம். நம் மூவாரின் பக்ரி பக்கம் வரிசையாக நர்சரிகள் இருக்கின்றன, விலையும் ரிங்கிட்டில்.

அதுவும் வேண்டாம், காசே செலவழிக்காமல் தொடங்குகிறேன் என்கிறவர்களுக்கு அன்னாசித் தலை இருக்கிறது. ரசத்துக்கோ பச்சடிக்கோ பழம் வாங்கும்போது கொண்டை நல்ல பச்சையாக இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுத் தொட்டிக்கு நான் சிபாரிசு செய்வது ஜோசப்பின் என்ற ரகம். மார்டி வேளாண் ஆய்வகம் ஜொகூர் வகையையும் சரவாக் வகையையும் கலந்து உருவாக்கி 1996இல் வெளியிட்டது அது, சீக்கிரம் பழுக்கும். கொண்டையைக் கையால் முறுக்கினால் கழன்று வரும். ஒட்டியிருக்கிற சதையை நீக்குங்கள். அடி இலைகளில் ஒரு சுற்றை உரித்தால் தண்டில் பழுப்பாகப் புள்ளி புள்ளியாக முண்டுகள் தெரியும். வேர் அவற்றிலிருந்து வரும். மூன்று நான்கு நாள் காயவிட்டு நடுங்கள். வெயில் எவ்வளவு கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். கொண்டையிலிருந்து பழம் வர ஒன்றரை வருடத்திலிருந்து இரண்டு வருடம் பிடிக்கும்.

அதற்குள் புக்கிட் சாகாரிலிருந்து சிங்கப்பூருக்கு ரயில் ஓடத் தொடங்கிவிட்டால், காலையில் உங்களுக்குக் கொஞ்சம் நேரம் மிஞ்சும். அதில் ஐந்து நிமிடத்தைக் குவளை கவிழ்க்க ஒதுக்குங்கள். கன்று அதிகமாகிப் போனால் தொட்டியோரம் வீசாமல் பக்கத்து வீட்டு மக்சிக்குக்கோ, எதிர்வீட்டு ஆன்ட்டிக்கோ கொடுங்கள். கொடுக்கும்போது பிடிஐ குருணையும் ஒரு பொட்டலம் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
தெப்ராவ் பக்கத்திலிருந்து உங்களில் ஒருவர்